தெம்பனிஸ் குளிர்பூச்சு லேண்ட்சாட்டில் தெரியுமா?

நிழல்தேடி:
வணக்கம். சிங்கப்பூரின் தெம்பனிஸில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) நூற்றுக்கும் மேற்பட்ட புளோக்குகளுக்கு வெப்பத்தைத் திருப்பியனுப்பும் பூச்சு அடித்துச் சோதித்தது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பூச்சுக்கு முன், பூச்சுக்குப் பின் என்று தரைப்பரப்பு வெப்பநிலையை (இனி எல்எஸ்டி) லேண்ட்சாட் 8, 9 துணைக்கோள் படங்களிலிருந்து எடுத்து, புளோக் வாரியாக வரைபடம் போட வேண்டும்.

இப்போதைய வழி: லெவல் 1 (காற்றுமண்டலத் திருத்தம் இல்லாத) தரவின் பேண்ட் 10 என்ற வெப்ப அலைவரிசையைக் கதிர்வீச்சாக மாற்றி, கே1 = 774.8853, கே2 = 1321.0789 என்ற உணரி மாறிலிகளை வைத்து ஒளிர்வு வெப்பநிலை (துணைக்கோளுக்குத் தெரியும் வெப்பநிலை). என்டிவிஐ என்ற பசுமைக் குறியீட்டிலிருந்து செடிப்பரப்பின் பங்கு. உமிழ்திறன் (பரப்பு வெப்பக்கதிரை எவ்வளவு நன்றாக உமிழ்கிறது என்ற பின்னம்) = 0.004 × பங்கு + 0.986. கடைசியில் ஒளிர்வு வெப்பநிலையை, 1 + (10.895 × ஒளிர்வு வெப்பநிலை ÷ 14388) × இயல்மடக்கை(உமிழ்திறன்) என்பதால் வகுத்தல்.

வரும் விடை: மத்திய நீர்ப்பிடிப்புக் காடு 23 டிகிரி, தெம்பனிஸ் குடியிருப்பு 27, சாங்கி ஓடுபாதை 31. கேள்வி மூன்று. எண்கள் குறைவாகத் தோன்றுகின்றன, ஏன்? 30 மீட்டர் கட்டத்தில் புளோக் வாரியாகச் சராசரி எடுக்கலாமா? முன்னும் பின்னும் எத்தனை படம் வேண்டும்?

அலை10:
தோற்றமில்லை, குறைவாகவேதான் இருக்கின்றன. சிங்கப்பூரில் காலை 11 மணிக்கு 23 டிகிரியில் எந்தக் காடும் இருக்காது. நீரை ஆவியாக்கிக்கொண்டே இருக்கும் அடர்ந்த மரவுச்சி, காற்றின் வெப்பநிலையை ஒட்டியே நிற்கும். ஓரிரு டிகிரி கூடலாம், குறையலாம். வெயில் நாளில் 29, 30 வர வேண்டிய இடம் அது. எந்த முறையில் கணக்கிட்டாலும் முதலில் காட்டையும் மெக்ரிச்சி நீர்ப்பரப்பையும் பாருங்கள். இரண்டும் சரியில்லை என்றால் மற்ற எதையும் பார்க்கத் தேவையில்லை.

காரணம், யூடியூப் பாடங்களில் சுற்றிவரும் இந்தச் சூத்திரத்தில் உமிழ்திறன் இருக்கிறது, காற்றுமண்டலம் இல்லை. வறண்ட நாட்டில் ஓரளவு தப்பிக்கலாம். நமக்கு மேலே நிற்கும் நீராவியை முழுக்க நீராக்கினால் சுமார் 5 செ.மீ. உயரம் வரும். அவ்வளவு ஈரத்தில், தரையிலிருந்து கிளம்பும் பேண்ட் 10 கதிர்வீச்சில் ஏறக்குறைய பாதிதான் மேலே போய்ச் சேரும். மீதியை நீராவி விழுங்கிவிட்டு, தரையைவிடக் குளிர்ந்த தன் வெப்பநிலைக்குத் தக்கபடி திருப்பி உமிழும்.

இதில் எல்லோரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. காற்றுமண்டலம் எல்லா எண்ணையும் ஒரே அளவு கீழே தள்ளுவதில்லை, வித்தியாசத்தையும் சுருக்கிவிடுகிறது. காட்டுக்கும் ஓடுபாதைக்கும் உங்கள் படத்தில் 8 டிகிரி. தரையில் அது 15-ஐ ஒட்டி இருக்கும். "எனக்கு உண்மையான வெப்பநிலை வேண்டாம், வித்தியாசம் போதும்" என்று சொல்லித் திருத்தத்தைத் தவிர்க்க முடியாதது இதனால்தான்.

உமிழ்திறன் பக்கமும் கொஞ்சம் பாருங்கள். 300 கெல்வினுக்கு 0.97 போட்டால் உங்கள் சூத்திரம் 2.1 கெல்வின் கூட்டும். உண்மையில் ஈரமான வானம் கீழ்நோக்கி அனுப்பும் கதிர்வீச்சு தரையில் பட்டுத் திரும்பி, அந்தக் குறையில் பெரும்பங்கை அடைத்துவிடும். ஆக இந்த ஊரில் அந்தச் சூத்திரம் காற்றுமண்டலத்துக்குத் திருத்துவதே இல்லை, உமிழ்திறனுக்கு அளவுக்கு மேல் திருத்துகிறது.

கே1, கே2 இரண்டும் லேண்ட்சாட் 8-க்கு உரியவை. லேண்ட்சாட் 9-க்கு 799.0284, 1329.2405. மனப்பாடம் வேண்டாம், ஒவ்வொரு படத்தோடும் வரும் எம்டிஎல் என்ற விவரக் கோப்பிலிருந்தே எடுங்கள்.

பேசாமல் லேண்ட்சாட்டின் கலெக்ஷன் 2 லெவல் 2 தரவை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்டி_பி10 என்ற அடுக்கில் காற்றுமண்டலத் திருத்தம் செய்த எல்எஸ்டி இருக்கிறது. கூகுள் எர்த் என்ஜினிலும் உண்டு, அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் எர்த் எக்ஸ்புளோரரிலும் உண்டு. மதிப்பு × 0.00341802 + 149.0 = கெல்வின். 45000 என்று இருந்தால் 302.81 கெல்வின், அதாவது 29.66 டிகிரி செல்சியஸ்.

புதுவரவு22:
எனக்கு எல்லா இடத்திலும் மைனஸ் 119, மைனஸ் 115 என்று வருகிறதே அண்ணே. அதே எஸ்டி_பி10தான்.

அலை10:
149-ஐக் கூட்டாமல் 273.15-ஐக் கழித்திருக்கிறீர்கள்.

வடகிழக்குப்பருவம்:
மேகத்தைப் பற்றி யாரும் பேசலையே. இங்க பாதி வேலை அதுதான்.

லேண்ட்சாட் படக் கணக்குல நம்ம தீவு பாதை 125, வரிசை 59. துணைக்கோள் காலை 11.15-ஐ ஒட்டிக் கடக்கும். நம்ம கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல முன்னால ஓடுது, அதனால சூரியக் கணக்குல அது 10.10 போலத்தான். சின்னச் சின்னக் குவிமேகம் கிளம்ப ஆரம்பிக்கிற நேரம். 8, 9 இரண்டையும் சேர்த்தா எட்டு நாளுக்கு ஒரு படம், வருஷத்துக்கு 45. லேண்ட்சாட் 9 ஏவினது 2021 செப்டம்பர்லதான். அதுக்கு முன்ன லேண்ட்சாட் 8 மட்டும் 16 நாளுக்கு ஒண்ணு, வருஷத்துக்கு 22, 23 தான்.

செய்யக்கூடாத ஒண்ணு: "மேகம் 10 சதவீதத்துக்குக் கீழ்" என்று முழுப் படத்துக்கும் வடிகட்டுறது. அந்தப் படம் பக்கத்துக்கு 180 கி.மீ. ஜொகூரும் பாத்தாமும் அதுக்குள்ள வந்துடும். ஜொகூர்ல இருக்கிற கூலாய் மேல மேகம் இருந்ததுக்காகத் தெம்பனிஸ் பளிச்சுன்னு இருந்த படத்தை ஏன் தூக்கிப்போடணும்? உங்க எல்லைக்குள்ள மட்டும் எத்தனை சதவீதம் தெளிவுன்னு ஒவ்வொரு படத்துக்கும் கணக்குப் பண்ணி, 80-க்கு மேல இருக்கிறதை வெச்சுக்குங்க.

கட்டத்தோட தரத்தைச் சொல்ற க்யூஏ_பிக்சல் அடுக்குல 0 முதல் 4 வரை ஐந்து பிட்டும் பூஜ்யமா இருக்கணும். வெற்றிடம், மேக விளிம்பு, சிர்ரஸ் (உயரத்துல இருக்கிற மெல்லிய மேகம்), மேகம், மேகநிழல் அந்த வரிசை. 31-ஓட பிட்வைஸ் அண்ட் போட்டு 0 வந்தா அந்தக் கட்டம் நல்லது. பல பேர் 3, 4 மட்டும் பார்ப்பாங்க. சிர்ரஸ் கண்ணுக்குத் தெரியாது, ஆனா எல்எஸ்டியை அஞ்சு டிகிரி இழுத்துடும்.

அதுக்கு மேலயும் எஸ்டி_சிடிஸ்ட் என்ற அடுக்கைப் பாருங்க. பக்கத்து மேகம் எத்தனை கி.மீ. தள்ளி இருக்குன்னு சொல்லும், 0.01-ஆல பெருக்கணும். ஒரு கி.மீ.க்குள்ள இருந்தா எடுத்துடறது என் பழக்கம். மேகத்தைச் சுத்தி இருக்கிற ஈரக்காற்று ஒரு காரணம். இன்னொண்ணு, பத்து நிமிஷம் முன்ன அந்த இடத்துல நிழல் விழுந்திருந்தா கான்கிரீட் இன்னும் சூடேறி முடிஞ்சிருக்காது. நிழல் மாஸ்க் இப்ப இருக்கிற நிழலைத்தான் நீக்கும், நகர்ந்துபோன நிழலை இல்லை.

மழையையும் விடாதீங்க. டேட்டா.கவ்.எஸ்ஜி தளத்துல நிலையம் வாரியா மழை அளவு ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கிடைக்கும். படத்துக்கு முந்தின 24 மணி நேரத்துல தெம்பனிஸ்ல பெஞ்சு ஒப்பீட்டு இடத்துல பெய்யலைன்னா, அன்னைக்குப் பூச்சு அடிக்காத தரைகூடக் குளிர்ச்சியாத் தெரியும்.

பிக்சல்_பாட்டி:
இரண்டாவது கேள்விக்கு ஒரே பதில்: முடியாது.

லேண்ட்சாட் 8, 9-இன் வெப்ப உணரி அளப்பது 100 மீட்டர் கட்டத்தில். மற்ற பேண்டுகளோடு பொருந்துவதற்காக அதை 30 மீட்டருக்கு இழைத்து, அதாவது இடைமதிப்புகளை நிரப்பித் தருகிறார்கள். கோப்பில் 30 என்று எழுதியிருப்பதால் தகவல் 30 மீட்டரில் இருப்பதாக ஆகிவிடாது. ஒரு 100 மீட்டர் கட்டத்துக்குள் 30 மீட்டர் கட்டம் 11 அடங்கும். பதினொன்றும் ஒரே அளவின் சாயல்கள். இழைக்கும் முறை கனச்சுருளல் (க்யூபிக் கன்வல்யூஷன்) என்பதால், சூடும் குளிரும் சந்திக்கும் ஓரங்களில் இல்லாத உச்சமும் இல்லாத பள்ளமும் கிளம்பும்.

இப்போது கணக்கு. நீட்டுவாக்கிலான ஒரு வீவக புளோக்கின் கூரை 100 மீ. × 12 மீ. என்று வையுங்கள். 1,200 சதுர மீட்டர். கட்டமோ 10,000 சதுர மீட்டர். ஆக கூரை 12 சதவீதம். மீதி 88 சதவீதம் கார் நிறுத்துமிடம், புல், மரம், நடைபாதைக் கூரை, சாலை. பூச்சினால் கூரை 5 டிகிரி தணிந்தால் கட்டம் 0.6 டிகிரி தணியும். 10 டிகிரி தணிந்தால் 1.2. இதை புளோக் வாரியாக வண்ணம் தீட்டி "புளோக் இன்னது குளிர்ந்துவிட்டது" என்று போடுவது வரைபடம் அல்ல, கோலம்.

இன்னொன்று. 30 மீட்டர் கட்டங்களை எண்ணி, "மாதிரி எண்ணிக்கை = 5,400, பி மதிப்பு 0.001-க்குக் கீழ்" என்று எழுதுவதைப் பார்க்கிறேன். அந்த 5,400-ஐ முதலில் 11-ஆல் வகுக்க வேண்டும். அதற்குப் பிறகும் அண்டைக் கட்டங்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் உண்மையான எண்ணிக்கை இன்னும் குறைவு. வட்டாரத்தை ஓர் அலகாக, ஒரு படத்தை ஓர் அளவீடாக வையுங்கள்.

கூரைக்காவலன்:
பாட்டி கூரையை மட்டும் சொன்னார். பூச்சு வெளிச்சுவரிலும் அடிக்கிறார்கள், துணைக்கோளுக்குச் சுவர் தெரியாது. கிட்டத்தட்ட நேர் மேலிருந்து பார்க்கிறது. அதனால் சுவருக்கான பலனை லேண்ட்சாட்டில் தேடவே வேண்டாம்.

கூரைப் பக்கம் மூன்று சிக்கல்.

முதலாவது சூரியத் தகடு. வீவக கூரைகளில் தகடு பொருத்தும் சோலார்நோவா திட்டம் 2014-இல் தொடங்கியது. பூச்சு நடந்த அதே ஆண்டுகளில் ஏராளமான கூரைகளில் தகடு ஏறியிருக்கிறது. தகட்டின் மேல்பகுதி பகலில் நன்றாகச் சூடேறும். ஒரு கூரையில் பூச்சும் தகடும் ஒரே காலத்தில் வந்திருந்தால் ஒன்றின் பலனை மற்றொன்று தின்றுவிடும். கூகுள் எர்த் புரோவில் பழைய படங்களை நகர்த்திப் பார்த்து, ஒவ்வொரு புளோக்கிலும் தகடு எந்த ஆண்டு வந்தது என்று அட்டவணை போடுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் இதைச் செய்யாமல் முடிவு சொல்ல முடியாது.

இரண்டாவது, சாதாரணப் பூச்சு. நகர மன்றங்கள் சுமார் ஐந்து முதல் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை புளோக்குகளுக்கு மறுபடி வண்ணம் அடிக்கும். நம் ஈரத்தில் பாசியும் அழுக்கும் படிந்து வெளிப்பரப்பு கருத்துப்போகும். புதிதாக எதை அடித்தாலும் கொஞ்சம் வெளுக்கும். ஆகவே ஒப்பீட்டுக்குப் பழைய அழுக்குப் புளோக்கை வைத்தால் குளிர்பூச்சுக்குச் சேராத பெருமையும் அதற்குப் போய்ச் சேரும். அண்மையில் சாதாரண வண்ணம் அடித்த புளோக்குகள் உள்ள வட்டாரமே சரியான ஒப்பீடு.

மூன்றாவது உலோகம். பூசாத அலுமினியம், துத்தநாகம் பூசிய தகரம் இவற்றின் உமிழ்திறன் 0.3-க்கும் கீழே போகும். வண்ணம் பூசிய தகரம் 0.9-ஐ ஒட்டி. பூசாத தகரம் கையைச் சுடும் சூட்டில் இருந்தாலும் படத்தில் குளிர்ந்ததாகத் தெரியும், ஏனென்றால் அது வானத்தைப் பிரதிபலிக்கிறது. தெம்பனிஸ் தொழிற்பேட்டைகளின் கூரைகள் உங்கள் எல்லைக்குள் வந்தால் வெட்டிவிடுங்கள். கையடக்க அகச்சிவப்பு மானியால் சரிபார்க்கலாம் என்று யாரும் கிளம்பினால் அதிலும் இதே கதை. பெரும்பாலான மலிவு மானிகள் உமிழ்திறனை 0.95 என்று நிலையாக வைத்திருக்கும். தொலைவுக்கும் அளக்கும் வட்டத்துக்கும் உள்ள விகிதம் 12:1 என்று எழுதியிருந்தால் 2.4 மீ. தொலைவில் 20 செ.மீ. வட்டத்தின் சராசரியைத்தான் காட்டும்.

மேற்குக்கரை:
சென்டினல் 2 துணைக்கோளின் 10 மீட்டர் என்டிவிஐயை வைத்து எல்எஸ்டியைக் கூர்மையாக்கும் நிரல்கள் கிடைக்கின்றனவே. அதைப் போட்டால் புளோக் அளவுக்கு வந்துவிடாதா? அப்படியே அடுத்த வெப்ப அலைவரிசையான பேண்ட் 11-ஐயும் சேர்த்து, இரண்டின் வித்தியாசத்தை வைத்துத் திருத்தும் ஸ்பிளிட் விண்டோ முறை போட்டால் நீராவிச் சிக்கலும் தீருமே?

பிக்சல்_பாட்டி:
கூர்மையாக்கும் நிரல் என்ன செய்கிறது? பச்சை இருந்தால் குளிர், இல்லாவிட்டால் சூடு என்ற உறவை 100 மீட்டரில் கற்றுக்கொண்டு 10 மீட்டரில் அதையே எழுதித் தருகிறது. குளிர்பூச்சுக் கூரைக்கும் கறுப்புத் தார்க்கூரைக்கும் என்டிவிஐ ஏறக்குறைய ஒன்றுதான். ஆக நீ தேடும் வித்தியாசத்தை அழித்துவிட்டு, தெரிந்த வித்தியாசத்தைப் பளபளப்பாக்கித் தரும். அப்படி வந்த எல்எஸ்டியை மறுபடி என்டிவிஐயோடு ஒப்பிட்டு "தொடர்பு மைனஸ் 0.9" என்று கண்டுபிடிப்பவர்களும் உண்டு. போட்டதுதானே திரும்ப வரும்.

அலை10:
பேண்ட் 11 பற்றி. கோட்பாட்டில் சரி, ஈரக் காற்றில் இரண்டு பேண்டு இருப்பது பலம்தான். ஆனால் லேண்ட்சாட் 8-இன் வெப்ப உணரியில் பார்வைப் புலத்துக்கு வெளியிலிருந்து சிதறிய ஒளி உள்ளே வந்தது. பேண்ட் 11-க்குப் பாதிப்பு அதிகம். 2017-இல் திருத்தம் போட்டார்கள், முழுக்கத் தீரவில்லை. லேண்ட்சாட் 9-இல் உணரியின் வடிவமைப்பிலேயே சரிசெய்துவிட்டார்கள். உங்கள் "முன்" காலம் முழுக்க லேண்ட்சாட் 8. அதில் ஒரு தரம், இதில் ஒரு தரம் என்று ஆகும். பேண்ட் 10 லெவல் 2-ஓடு நில்லுங்கள்.

லெவல் 2-வும் குறையில்லாத பொருள் இல்லை. அதன் உமிழ்திறன் ஆஸ்டர் என்ற வேறோர் உணரியின் தரவுத்தொகுப்பிலிருந்து வருகிறது. அந்தத் தொகுப்பு 2000 முதல் 2008 வரை எடுத்த படங்களால் ஆனது. படம் எடுத்த நாளின் பச்சைக்கு ஏற்பச் சற்றுத் திருத்துவார்கள், ஆனால் அடிப்படை பழைய தரைதான். தெம்பனிஸ் அப்போதே கட்டி முடிந்த நகரம் என்பதால் உங்களுக்குப் பெரிய தொல்லை இல்லை. துவாஸ் துறைமுகத்தின் முதல் கட்ட நிலமீட்பு 2021-இல் முடிந்தது. ஆஸ்டர் பார்த்தபோது அங்கே கடல். அங்கே வரும் எல்எஸ்டியை நம்பிக் கட்டுரை எழுதாதீர்கள். மேகம் விலகாத வெப்பமண்டல இடங்களில் ஆஸ்டரில் ஓட்டைகளும் உண்டு. எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் வெற்றுக் கட்டம் வந்தால் அது மேகமல்ல, அந்த ஓட்டை.

எஸ்டி_க்யூஏ என்ற அடுக்கு (0.01-ஆல் பெருக்க வேண்டும்) கட்டம் வாரியாகப் பிழை வரம்பைக் கெல்வினில் தரும். வேறு நாட்டுக் கட்டுரையைப் பார்த்து "2 கெல்வினுக்குக் கீழ் மட்டும்" என்று வெட்டினால் இங்கே ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. நம் ஈரத்தில் 3-ஐத் தாண்டுவது இயல்பு. அந்தப் பிழையில் பெரும்பகுதி காற்றுமண்டலத்தைப் பற்றியது, ஒரே படத்தில் ஐந்து கி.மீ. தள்ளியுள்ள இரு வட்டாரங்களுக்கு ஏறக்குறைய பொது. கழித்தால் போய்விடும். உணரியின் சொந்த இரைச்சலோ மிகச் சிறியது, 300 கெல்வினில் 0.05 அளவில். உங்கள் ஆய்வு உயிர்வாழ்வது இந்த இரண்டு உண்மையால்தான்.

நிழல்தேடி:
அப்படியானால் புளோக் வரைபடத்தை விட்டுவிடுகிறேன். வட்டாரத்துக்கு வட்டாரம் வித்தியாசம் என்று எடுத்தால் படிகள் எப்படி இருக்க வேண்டும்? க்யூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் எல்லாவற்றையும் எஸ்விஒய்21 என்ற சிங்கப்பூர் ஆயமுறைக்கு (3414) மாற்றி வைத்திருக்கிறேன்.

அலை10:
ராஸ்டரை (கட்டங்களால் ஆன படத்தை) மாற்றாதீர்கள். ஏற்கெனவே ஒருமுறை இழைத்த தரவு, மறுபடி இழைத்தால் இன்னும் குழையும். லேண்ட்சாட் யுடிஎம் 48 வடக்கு என்ற ஆயமுறையில் (32648) வருகிறது. எல்லைக்கோடுகளை அதற்கு மாற்றுங்கள்.

1. பூச்சு அடித்த புளோக்குகள் நெருக்கமாக உள்ள இடங்களைச் சுற்றி, குறைந்தது 300 × 300 மீட்டர் வட்டாரமாக எல்லை வரையுங்கள். ஓரத்தில் ஒரு கட்டம், அதாவது 100 மீட்டர், உள்ளே தள்ளிக்கொள்ளுங்கள்.

2. ஒப்பீட்டு வட்டாரங்கள்: அதே காலத்தில் கட்டிய, அதே உயர, கிட்டத்தட்ட அதே மர அளவுள்ள இடங்கள். பாசிர் ரிஸ், பிடோக் நார்த், சீமெய். ஒன்று போதாது, நான்கைந்து வேண்டும். பிடோக் நீர்த்தேக்கத்திலிருந்து 200 மீட்டருக்குள் எதுவும் வேண்டாம், கட்டத்தில் தண்ணீர் கலக்கும்.

3. ஒவ்வொரு படத்திலும், ஒவ்வொரு வட்டாரத்துக்கும் சராசரியும் தெளிவான கட்டங்களின் சதவீதமும். சதவீதம் 90-க்குக் கீழ் என்றால் அந்த வட்டாரத்தை அந்தப் படத்தில் விடுங்கள். பாதி மூடிய வட்டாரத்தின் சராசரி வேறொரு இடத்தின் சராசரி.

4. படம் வாரியாக: பூச்சு வட்டாரம் கழித்தல் ஒப்பீட்டு வட்டாரங்களின் சராசரி. இந்த ஒற்றை எண்தான் உங்கள் தரவு.

5. முன் காலத்து எண்களின் சராசரிக்கும் பின் காலத்து எண்களின் சராசரிக்கும் உள்ள வித்தியாசம்தான் விடை. வேலை நடந்துகொண்டிருந்த மாதங்களை இரண்டிலும் சேர்க்க வேண்டாம்.

பலரும் செய்வதுபோல் முதலில் மீடியன் காம்போசிட் (பல நாள் படங்களின் இடைமதிப்பால் ஆன ஒரே படம்) செய்துவிட்டுப் பிறகு கழிக்காதீர்கள். காம்போசிட்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் வெவ்வேறு நாளிலிருந்து வரும். அப்போது பொதுவான காற்றுமண்டலம் என்ற ஆதாயமே போய்விடும். 2015-16, 2023-24 எல் நினோ ஆண்டுகள் வேறு குறுக்கே நிற்கும்.

வரைபடம் போடும்போது எல்லா ஆண்டுக்கும் ஒரே வண்ண அளவுகோல், 26 முதல் 46 டிகிரி போல. க்யூஜிஐஎஸ் தானாகப் போடும் 2–98 சதவீத நீட்டலை விட்டால் ஒவ்வொரு ஆண்டும் ஒவ்வொரு சிவப்பு.

பிக்சல்_பாட்டி:
மூன்றாவது கேள்வி விடுபட்டுப் போனதே. படம் வாரி வித்தியாசங்களின் சிதறல் (திட்ட விலக்கம்) 0.8 டிகிரி என்று வைத்துக்கொள். முன்னும் பின்னும் 12 படம் இருந்தால் பிழை 0.8 × வர்க்கமூலம்(2/12) = 0.33. இரு மடங்கு 0.65. எதிர்பார்க்கும் பலனோ மேலே சொன்ன 0.6. போதாது. 20 படம் என்றால் 0.25, இரு மடங்கு 0.5. அப்போது பேசலாம். உன் சிதறல் எவ்வளவு என்பதை "முன்" காலத்திலிருந்தே அளந்துவிடலாம், பூச்சைப் பற்றி எதுவும் தெரிவதற்கு முன்பே. அதை முதலில் செய். 1.5 வந்தால் வேலையை அங்கேயே நிறுத்து.

பருவமும் சமமாக இருக்க வேண்டும். முன்பக்கம் பிப்ரவரிப் படங்கள், பின்பக்கம் டிசம்பர்ப் படங்கள் என்று ஆனால் நிழல் மாறிவிடும். துணைக்கோள் கடக்கும் நேரத்தில் சூரியன் மார்ச்சில் சுமார் 63 பாகை, டிசம்பரில் 55. 40 மீட்டர் உயர புளோக்கின் நிழல் 20 மீட்டரிலிருந்து 28-ஆக நீளும், திசையும் மாறும். அதில் கார் நிறுத்துமிடத்தில் பாதி மறையலாம்.

கூரைக்காவலன்:
உயரமும் ஒத்திருக்க வேண்டும் என்று அலை10 சொன்னதற்குக் காரணம் இதுவே. நிழல் விழும் தரையும் எல்எஸ்டிதான். ராஃபிள்ஸ் பிளேஸ் காலைப் படத்தில் துவாஸைவிடக் குளிர்ச்சியாகத் தெரிவதும் இதனால்தான்.

மேற்குக்கரை:
அதைப் பார்த்துவிட்டு "நகர மையத்தில் வெப்பத்தீவு இல்லை" என்று சமூக ஊடகத்தில் ஒரு படம் சுற்றியதே!

வடகிழக்குப்பருவம்:
சுத்தும். வெப்பத்தீவுன்னு வானிலைக்காரங்க சொல்றது பெரும்பாலும் ராத்திரிக் காற்றோட வெப்பநிலை. சூரியன் மறைஞ்சு சில மணி நேரம் கழிச்சு ஆர்ச்சர்ட் சாலைக்கும் புறநகர்க் காட்டுக்கும் 7 டிகிரி வரை வித்தியாசம் அளந்திருக்காங்க. காலை 11 மணித் தரைச்சூடு வேற, ராத்திரி 9 மணிக் காற்று வேற. 2023 மே 13 அன்னைக்கு அங் மோ கியோவுல 37.0 பதிவாச்சே, அதுவும் காற்று. அன்னைக்குத் தார்ச்சாலை எவ்வளவு இருந்திருக்கும்னு அந்த எண்ணிலிருந்து சொல்ல முடியாது.

இரவுத் தரைக்கு மோடிஸ் உணரி இருக்கு, ஆனா 1 கி.மீ. கட்டம். தீவு முழுக்க எழுநூத்திச் சொச்சம் கட்டம், கரையோரத்தை வெட்டினா இன்னும் குறையும். தெம்பனிஸுக்கு ஈகோஸ்ட்ரெஸ் என்ற வெப்ப உணரியைப் பாருங்க. 2018-லிருந்து அனைத்துலக விண்வெளி நிலையத்துல இருக்கு, கட்டம் சுமார் 70 மீட்டர். கடக்கிற நேரம் நாளுக்கு நாள் மாறும், அதனால இரவு 9, அதிகாலை 3, மதியம் 2 எல்லாமே கிடைக்கும். ஆப்பியர்ஸ் என்ற தரவிறக்கத் தளத்துல எல்லையைக் கொடுத்தா வெட்டியே தரும். இரவுப் படத்துல நிழல் சிக்கல் கிடையாது, சூரியத் தகடு சிக்கலும் குறையும்.

கூரைக்காவலன்:
இரவில் குளிர்பூச்சின் பலனே குறைவுதான், வெயிலைத் திருப்பியனுப்புவது பகல் வேலை. பகலில் உள்வாங்காத சூடு இரவில் வெளியே வராது என்ற அளவுக்குத்தான் எதிர்பார்க்கலாம். பகல் 0.6 என்றால் இரவில் அதைவிடக் குறைவு. ஈகோஸ்ட்ரெஸ்ஸை மதியப் படங்களுக்காக எடுங்கள். 1 மணி, 2 மணிக்குக் கூரை வித்தியாசம் 11 மணியைவிடப் பெரிது.

அலை10:
ஓர் இடைச்செருகல். முறையைப் பழக விரும்புபவர்கள் தெம்பனிஸை விட்டுத் தெங்கா என்ற புதுநகரை எடுங்கள். 700 ஹெக்டேர், அதாவது நிஜமான 100 மீட்டர் கட்டம் 700. காடாக இருந்து, மண் வெட்டி, கட்டடம் எழும்பிய எல்லாமே லேண்ட்சாட் 8-இன் காலத்துக்குள். 2018 நவம்பரில்தான் முதல் பிடிஓ (முன்பதிவுக்கேற்பக் கட்டும்) வீடுகள் விற்பனைக்கு வந்தன. மாற்றம் பல டிகிரி, 0.6-க்கு மன்றாட வேண்டியதில்லை. ஒப்பீட்டுக்குப் பக்கத்திலேயே மேற்கு நீர்ப்பிடிப்புக் காடு. உமிழ்திறன் காட்டுக்காலத்தது என்ற எச்சரிக்கை மட்டும் அங்கே கூடுதல்: வெட்டிய செம்மண்ணின் சூட்டைச் சற்றுக் குறைத்தே காட்டும்.

நிழல்தேடி:
பாட்டி சொன்னபடி முதலில் "முன்" காலத்துச் சிதறலை எடுக்கிறேன். ஈகோஸ்ட்ரெஸ் மதியப் படங்களும் இறக்கியாயிற்று. அதில் ஒரு விஷயம்: சில படங்களில் கரையோரம் வரைபடக் கோட்டோடு பொருந்தவில்லை, இரண்டு மூன்று கட்டம் தள்ளி நிற்கிறது. நகர்த்திக்கொள்ளலாமா, அந்தப் படங்களை விட்டுவிடலாமா?

வடகிழக்குப்பருவம்:
விண்வெளி நிலையம் ஆடிக்கிட்டே போற மேடை, அதனால அப்படி வரும். கோப்போட வர்ற இடத்துல்லியக் குறிப்பை முதல்ல பாருங்க, திருத்தம் நடக்கலைன்னு இருந்தா சந்தேகத்துக்குரியது. சென்டினல் 2-லிருந்து தண்ணீர் முகமூடி ஒண்ணு செஞ்சு, 70 மீட்டருக்குச் சுருக்கி, எல்எஸ்டியை ஒவ்வொரு கட்டமா நகர்த்தி எந்த இடத்துல பொருத்தம் அதிகம்னு பார்க்கலாம். பகல்ல தண்ணி குளிர், தரை சூடு. இரவுல தலைகீழ், குறி மாறும், நிரல்ல அதைக் கவனிங்க.

பிக்சல்_பாட்டி:
முழுக் கட்டமாக மட்டும் நகர்த்து, அரைக் கட்டம் வேண்டாம், மறுபடி இழைக்க வேண்டி வரும். பிடோக் நீர்த்தேக்கம், ஜொகூர் நீரிணை, சாங்கிக் கரை மூன்றிலும் தனித்தனியாக அளந்து பார். மூன்றும் ஒரே திசையில் ஒரே அளவு சொன்னால் நகர்த்து. ஆளுக்கொரு திசை சொன்னால் படமே கோணலாக இழுபட்டிருக்கிறது, அந்த நாளை விட்டுவிடு.